பழத்துக்கு விலை போடுவது யார்? வாசகர் கேள்வி – பதில்

தடையற்ற வாணிகம், உலகமயம் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். ஒரே விஷயத்தைத் தொட்ட கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு ஐந்து ஏக்கர் செம்பனை. எண்ணெய் டன் 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்று செய்தியில் சொல்லும்போது டன் பழத்துக்கு என் கைக்கு வருவது 750 வெள்ளிதான். இடையில் எடுப்பது யார்? இந்தியா வரி போட்டால் என் பழத்துக்கு ஏன் விலை இறங்குகிறது?
– சிறுதோட்டக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: ஒரு டன் பழக்குலையை ஆலையில் பிழிந்தால் சுமார் 200 கிலோ எண்ணெயும் 50 கிலோ பருப்பும் கிடைக்கும். மீதியெல்லாம் காம்பு, நார், ஓடு, தண்ணீர். எண்ணெய் டன் 4,000 என்றால் அந்த 200 கிலோவுக்கு 800 வெள்ளி. அதோடு பருப்பின் விலையைச் சேர்த்து, ஆலைச் செலவையும் லோரிச் செலவையும் கழித்தால் வருவதுதான் பழத்தின் விலை. ஆகவே 4,000-ஐயும் 750-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. நீங்கள் பார்க்கவேண்டிய எண் வேறு.

எம்பிஓபி என்னும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வட்டாரவாரியாக 'ஒரு விழுக்காட்டு ஓஇஆர் விலை' என்று ஒன்றை வெளியிடுகிறது. நூறு கிலோ பழத்தில் எத்தனை கிலோ எண்ணெய் கிடைக்கிறது என்பதே ஓஇஆர். அதன் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் ஒரு டன் பழத்துக்கு இத்தனை வெள்ளி என்பதே அந்த விலை. கணக்குக்காக, ஒரு விழுக்காட்டு விலை 42 வெள்ளி, உங்கள் பழத்துக்கு ஆலை தரும் ஓஇஆர் 19.5 என்று வையுங்கள். 42 × 19.5 = 819 வெள்ளி. உங்களுக்கு 750 வந்தால், 69 வெள்ளி லோரிக்கும் பழம் வாங்கும் முகவருக்கும் போயிருக்கிறது. கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே: எனக்கு எந்த ஓஇஆர் போட்டீர்கள்? டன்னுக்கு என்ன கழித்தீர்கள்? இரண்டும் ரசீதில் எழுத்தில் இருக்கவேண்டும். ஓஇஆரில் ஒரே ஒரு புள்ளி குறைத்துப் போட்டால் டன்னுக்கு 42 வெள்ளி போய்விடும். உலகச் சந்தையைப் பற்றி இரவெல்லாம் பேசலாம். ஆனால் இந்த 42 வெள்ளி போவது நம் ஊர்த் தராசில்தான்.

அந்தப் புள்ளியை முகவர் குறைக்க நாமே காரணம் கொடுப்பதும் உண்டு. எம்பிஓபி தர விதிப்படி, குலையில் குறைந்தது பத்துப் பழமாவது உதிர்ந்த குழி தெரிந்தால்தான் அது பழுத்தது. காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் நெடுங்காம்பு என்று கழிப்பார்கள், ஏனென்றால் காம்பில் எண்ணெய் இல்லை, எடை மட்டும் உண்டு. வெட்டிய பழம் ஒரு நாளுக்கு மேல் சாலையோரம் கிடந்தால் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விடுவது பெரிய இழப்பு. எண்ணெய் அதிகம் இருப்பதே அதில்தான்.

இனி இந்திய வரி. 2024 செப்டம்பரில் இந்தியா கச்சா சமையல் எண்ணெய்க்கான மொத்த வரியை 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 ஆகவும், சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75-லிருந்து 35.75 ஆகவும் உயர்த்தியது. 2025 மே இறுதியில் கச்சா எண்ணெய்க்கு மட்டும் 16.5 ஆகக் குறைத்தது. வரி ஏறினால் அங்கே எண்ணெய் விலை கூடும். வாங்குபவர் குறைத்து வாங்குவார், அல்லது சோயாவுக்கும் சூரியகாந்திக்கும் போவார். விற்கவேண்டுமானால் நம் ஏற்றுமதியாளர் விலையை இறக்கவேண்டும். அவர் இறக்கியது ஆலைக்கு வந்து, ஆலையிலிருந்து உங்களிடம் வரும். உங்களுக்குக் கீழே தள்ளிவிட யாருமில்லை.

கச்சா எண்ணெய்க்கு 16.5, சுத்திகரித்ததற்கு 35.75. இந்த இடைவெளி வேண்டுமென்றே வைத்தது: 'கச்சாவாக அனுப்பு, சுத்திகரிக்கும் வேலையும் இலாபமும் எங்களுக்கு' என்பது அதன் பொருள். மலேசியாவும் இதையே மறுபக்கத்திலிருந்து செய்கிறது. கச்சா செம்பனை எண்ணெய்க்கு ஏற்றுமதி வரி உண்டு. 2024 நவம்பரில் மாற்றிய அட்டவணைப்படி, விலை 4,050 வெள்ளியைத் தாண்டினால் அது 10 விழுக்காடு. இந்த வரி கச்சா எண்ணெயை நாட்டுக்குள் நிறுத்தி, உள்ளூர்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு மலிவாகக் கிடைக்கச் செய்கிறது. ஆலைகள் வளர்ந்தது உண்மை, வேலை பெருகியதும் உண்மை. ஆனால் அந்த மலிவின் ஒரு பங்கு சிறுதோட்டக்காரரின் பழ விலையிலிருந்து வருகிறது என்பதைத் தலைவர்கள் மேடையில் சொல்வதில்லை. சொல்லவேண்டும்.

கேள்வி: ரிக்கார்டோவின் ஒப்பீட்டு நன்மைக் கொள்கை சரி என்றால், தடையற்ற வாணிகத்தை எதிர்க்கும் பொருளியலாளர்களும் ஏன் இருக்கிறார்கள்?
– ஆறாம் படிவ மாணவி, கோலகங்சார்

பதில்: கணக்கில் பிழையில்லை. சண்டை அதன் அனுமானங்களில்.

1817-இல் டேவிட் ரிக்கார்டோ கொடுத்த எடுத்துக்காட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் ஒரு அளவு திராட்சை மதுவுக்கு ஓராண்டில் 80 பேர் உழைப்பு, துணிக்கு 90. இங்கிலாந்தில் மதுவுக்கு 120, துணிக்கு 100. இரண்டிலும் போர்ச்சுகல்தான் திறமைசாலி. இருந்தும், அது மதுவை மட்டும் செய்து ஒன்றுக்கு ஒன்று துணியாக மாற்றினால், 90 பேர் வேலைக்குரிய துணி 80 பேர் உழைப்பில் கிடைக்கும். இங்கிலாந்துக்கு 120 பேர் வேலைக்குரிய மது 100 பேர் உழைப்பில் கிடைக்கும். ஆக எல்லாவற்றிலும் பின்தங்கிய நாட்டுக்கும் வாணிகத்தில் இடமுண்டு. இதைப் பெரும்பாலான பொருளியலாளர்கள் இன்றும் ஏற்கிறார்கள்.

இப்போது அனுமானங்களுக்கு வாருங்கள். முதலீடு நாடு விட்டு நாடு எளிதில் போகாது என்று ரிக்கார்டோ எடுத்துக்கொண்டார். உழைப்பாளியும் அப்படியே. உங்கள் ஊரையே பாருங்கள். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகள் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876-இல் கொண்டுபோன விதையின் வழி வந்தவை. பின்னர் எழுந்த தோட்டங்களுக்கு முதலீடு இலண்டனிலிருந்து வந்தது, ஆள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியாக வந்தார். மரம், பணம், மனிதர் மூன்றும் கடல் தாண்டின. நிலத்தில் விளைந்த இலாபம் பங்குதாரரைத் தேடி மீண்டும் கடல் தாண்டியது. 'மலாயாவுக்கு நன்மை' என்று மொத்தமாகச் சொன்னால், அந்த நன்மை யார் கணக்கில் ஏறியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒன்றையே பயிரிட்டால் வரும் ஆபத்தும் இங்கேயே பதிவாகியிருக்கிறது. ரப்பர் இலாபத்தில் நெல் வயல்கள் சுருங்கிவிடும் என்று அஞ்சி 1917-இல் கூட்டு மலாய் மாநிலங்களில் நெல் நிலச் சட்டமே கொண்டுவந்தார்கள். 1930-களின் உலக மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத் தொழிலாளரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சந்தை சரிக்கட்டிக்கொள்ளும் என்று பாடநூல் சொல்லும். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பதை மறக்காமல் படியுங்கள்.

தேர்வுக்கு மூன்று ஆய்வுகள் உதவும். வாணிகம் திறந்தால் நாட்டின் மொத்த வருமானம் கூடினாலும் உள்ளே சிலர் நிச்சயம் இழப்பார்கள் என்று 1941-இல் ஸ்டோல்பரும் சாமுவெல்சனும் கணிதமாகக் காட்டினார்கள். தொழிலிழந்த ஊர்கள் எளிதில் மீள்வதில்லை என்பதை, சீன இறக்குமதியின் அமெரிக்கப் பாதிப்பை ஆராய்ந்த ஆட்டோர், டோர்ன், ஹான்சன் 2013 கட்டுரை வலுவாக்கியது. பொருள் வாணிகத்தை உறுதியாக ஆதரித்த ஜகதீஷ் பகவதியே, பணம் தடையின்றிப் புகுந்து வெளியேறுவது வேறு விஷயம், அதற்கு அதே வாதம் பொருந்தாது என்று 1998-இல் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்து டாலருக்கு 3.80 என்று வெள்ளியின் மதிப்பை நிறுத்தியது. பொருள் வாணிகம் தொடர்ந்தது. இந்த வேறுபாட்டைப் பிரித்து எழுதினாலே விடை தனித்து நிற்கும்.

கேள்வி: இறக்குமதி தாராளமானால் விலை குறையும் என்றார்கள். 2023-இல் அரிசியும் வெங்காயமும் ஏறியதே?
– மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: அரிசியில் தாராளம் எங்கே இருந்தது? நம் நாட்டில் அரிசி இறக்குமதி உரிமை பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1 முதல் பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன் 2,350-லிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. உள்ளூர் அரிசிக்கோ கிலோ 2.60 வெள்ளி என்ற உச்ச விலை அப்படியே இருந்தது. உடனே உள்ளூர் அரிசி கடைகளில் கிடைக்காமல் போனது. ஏறக்குறைய ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்து இடைவெளியைப் பெரிதாக்கினால், மலிவான உள்ளூர் அரிசியை விலையுயர்ந்த இறக்குமதிப் பையில் மாற்றிப் போடும் ஆசை தானாக வரும்.

ஆகவே 2023-இல் மூன்று குறைகள் ஒன்றுசேர்ந்தன: விற்கும் நாடு கதவைச் சாத்தியது, வாங்கும் நாட்டில் ஒரே வாசல்தான் இருந்தது, உள்ளே விலைக்கட்டுப்பாடு இறுகிக் கிடந்தது. முதலாவது தடையற்ற வாணிகத்தை நம்பியவர்களுக்கு நல்ல பாடம், ஏனென்றால் வாணிக ஒப்பந்தங்கள் இறக்குமதி வரிக்கு வரம்பு வைப்பதைப் போல ஏற்றுமதித் தடைக்கு இறுக்கமான வரம்பு வைப்பதில்லை. மற்ற இரண்டும் நாமே செய்துகொண்டவை.

வெங்காயத்தில் உங்களால் முன்கூட்டியே பார்க்க முடியும். இந்தியாவில் கோடையில் அறுவடையாகும் வெங்காயம்தான் சேமித்து வைக்கத் தாங்கும். அது தீர்ந்து, மழைக்காலப் பயிர் சந்தைக்கு வரும்வரை உள்ள செப்டம்பர் – நவம்பர் இடைவெளியில்தான் விலை எகிறும். மழை கெடுத்தால் தடையும் வரும். 2023 டிசம்பர் 8 அன்று விதித்த தடை 2024 மே 4 வரை நீடித்தது. மகாராஷ்டிரத்தின் பெரிய வெங்காயச் சந்தையான லாசல்காவில் விலை ஆகஸ்டிலேயே ஏறத் தொடங்கினால், உங்கள் மொத்த வியாபாரியிடம் பாகிஸ்தான், சீன வெங்காயத்துக்கு விலை கேட்டு வையுங்கள். நிறையச் சேர்த்து வைக்காதீர்கள், நம் ஈரக் காற்றில் முளைவிட்டு அழுகும். கொள்முதல் ரசீதுகளைக் கோத்து வையுங்கள். விலையேற்றப் புகாரில் அமலாக்க அதிகாரிகள் வந்தால் உங்களைக் காப்பது அந்த ரசீதுதான்.

கேள்வி: நான் வேலை செய்யும் தொழிற்சாலை வியட்நாமுக்கு மாறப் போகிறதாம். பதினோராண்டு சேவை. 'ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும்' என்கிறார்கள். தோட்டத்தை வேறு நிறுவனத்துக்கு விற்றால் என்ன ஆகும் என்று என் அண்ணனும் கேட்கிறார்.
– தொழிற்சாலை ஊழியர்

பதில்: ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி. அந்த ஒரு கையெழுத்தில் பணிநீக்க இழப்பீடும் போகும், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதியும் போகும்.

1980-ஆம் ஆண்டுப் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு உரிமை தொடங்குகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு 15 நாள், ஐந்தைத் தாண்டினால் 20 நாள். உங்களுக்கு 11 × 20 = 220 நாள். கடைசி 12 மாதச் சம்பளத்தைக் கூட்டி 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம். ஆண்டுக்கு 29,200 வெள்ளி என்றால் நாளுக்கு 80, மொத்தம் 17,600 வெள்ளி. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்கவேண்டும். இதற்கு மேல், ஐந்தாண்டுக்கு மேல் சேவை உள்ளவருக்கு எட்டு வார அறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டியவர்களுக்கு இந்த இழப்பீட்டு விதி பொருந்தாது, அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும். கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகளை இப்போதே நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். ஆலை மூடிய பிறகு கேட்டால் கொடுக்க ஆள் இருக்காது.

அடுத்தது சொக்சோவின் எஸ்ஐபி, அதாவது அந்த வேலை காப்புறுதித் திட்டம். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும், பலர் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றும் நான்கும் 40, ஐந்தும் ஆறும் 30. நீங்கள் கட்டிய சந்தாவைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை கிடைக்கும். தானாக விலகியவருக்குக் கிடையாது. நிறுவனமே அறிவித்த விருப்ப விலகல் திட்டத்தில் போனவருக்கு உண்டு. எனவே எந்தத் தாளை நீட்டினாலும் அதன் தலைப்பைப் படியுங்கள்.

அண்ணனுக்கு: தோட்டம் கைமாறினால், புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பணிநீக்கமாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். சொல்லியும் தகுந்த காரணமின்றி மறுத்தால் இழப்பீடு கிடையாது. 'முதலில் வரமாட்டேன் என்போம், பிறகு பேசுவோம்' என்று கூட்டமாக மறுத்துவிடாமல், புதிய ஒப்பந்தத்தைப் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, குறைவானதை எழுத்தில் குறித்துத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

தொழிற்சாலை இடம்பெயர்வதை ஒரு வாணிக ஒப்பந்தம் தடுக்காது. வாணிகத்தால் இழப்பவருக்கு ஈடு செய்யலாம் என்பது தடையற்ற வாணிக வாதத்தின் அடித்தளம். அந்த ஈடு கைக்கு வராவிட்டால் வாதமே பொய்த்துப் போகிறது. அதனால்தான் இந்தப் பதில் நீண்டது.

கேள்வி: ஐரோப்பாவின் புதிய காட்டழிப்புச் சட்டம் சிறுதோட்டக்காரரை ஒழிக்கும் தந்திரம்தானே?
– ரப்பரும் செம்பனையும் வைத்திருப்பவர்

பதில்: அங்குள்ள சூரியகாந்தி, கடுகு இன எண்ணெய் விவசாயிகளின் நலன் இந்த அரசியலில் கலந்திருக்கிறது, காடு அழிந்ததும் பொய்யில்லை. ஐரோப்பாவின் உயிரி எரிபொருள் விதிகளை எதிர்த்து மலேசியா தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் உலக வாணிக அமைப்பின் குழு, விதியை நடைமுறைப்படுத்திய முறையில் குறை கண்டது, அடிப்படையைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்யவில்லை. காட்டழிப்புச் சட்டம் அந்த எரிபொருள் விதிகளுக்குப் பின்னால் 2023-இல் வந்த வேறு சட்டம். அமலாக்கம் இருமுறை தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது.

சட்டம் கேட்பது இதுதான்: 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளையவில்லை என்பதற்கும், நாட்டுச் சட்டப்படி விளைந்தது என்பதற்கும் சான்று. நான்கு ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்துக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்குள், ஒரே ஒரு புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும், ஆறு தசம இடங்கள் வேண்டும். அதற்கு மேல் எல்லை முழுவதும் வரையவேண்டும். கைப்பேசியில் எடுக்கலாம். அடர்ந்த மரத்தடியில் எடுத்தால் புள்ளி விலகிப் பக்கத்து நிலத்தில் விழும், திறந்த இடத்தில் நின்று எடுங்கள். நிலப் பட்டா, எம்பிஓபி உரிமம், எம்எஸ்பிஓ என்னும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்று மூன்றிலும் பெயரும் பரப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரில் பட்டா, மகன் பெயரில் உரிமம் என்று கிடப்பது நம்மிடம் அதிகம். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் சரிசெய்யுங்கள். பழம் முகவரின் குவியலில் மற்றவர் பழத்தோடு கலந்துவிட்டால் உங்கள் சான்றுக்கு மதிப்பில்லை, எனவே எந்த ஆலைக்குப் போகிறது என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி: ரப்பர் நாடுகள் ஒன்றுசேர்ந்து உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறாதா?
– பால் வெட்டும் தொழிலாளி

பதில்: ஏறும், சில காலம். 1922-இல் பிரிட்டிஷார் ஸ்டீவன்சன் திட்டத்தில் செய்தார்கள். டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியா சேரவில்லை, அங்கே நட்டுக் குவித்தார்கள், 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. பிற்பாடு கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலக ரப்பர் அமைப்பு கையிருப்பு வைத்து விலையைத் தாங்கிப் பார்த்தது, அதுவும் 1999-இல் முடிந்தது. வெளியே நிற்பவர் ஒருவர் இருந்தாலே போதும், திட்டம் கசியும். இன்று உங்களுக்குக் கைகொடுப்பது உள்நாட்டு உற்பத்தி ஊக்கத்தொகைதான். 2024 வரவு செலவுத் திட்டத்தில் அதன் தொடக்க விலை கிலோவுக்கு 2.70-லிருந்து 3 வெள்ளியாக உயர்ந்தது. கோப்பையில் உறைந்த கட்டிப்பாலின் விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கோரலாம். ரப்பர் விற்பதற்கான அனுமதி அட்டையான பாட்-ஜி இருக்கவேண்டும், உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்ற ரசீது வேண்டும். அட்டையில்லாமல் உடனடிக் காசுக்கு விற்றால் ஊக்கத்தொகை உங்களுக்கு வராது.

கேள்வி: வீட்டில் முறுக்கு செய்து விற்கிறேன். சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் அனுப்ப எந்த ஒப்பந்தம் உதவும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, சிங்கப்பூருக்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் தவிர வேறெதற்கும் அங்கே இறக்குமதி வரி கிடையாது. ஆசியான் பிறப்பிடச் சான்றுக்குப் பணமும் நேரமும் செலவழிப்பது வீண். அங்கே இறக்குமதி செய்பவர் உணவு முகமையில் பதிந்திருக்கவேண்டும், பொட்டலத்தில் சேர்மானங்கள், நிகர எடை, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த நாடு இருக்கவேண்டும். இங்கே சுங்கத்துக்கு கே2 என்னும் ஏற்றுமதி அறிவிப்புப் படிவம்.

பிரிட்டன் 2024 டிசம்பர் 15 முதல் சிபிடிபிபி என்னும் பசிபிக் வட்டார வாணிக ஒப்பந்தத்தில் இருக்கிறது, மலேசியாவும் அதில் உறுப்பினர். சலுகை வரி வேண்டுமானால் முறுக்கு மலேசியப் பொருள் என்று நிறுவவேண்டும். உளுந்து மியன்மாரிலிருந்தும் அரிசி மாவு தாய்லாந்திலிருந்தும் வந்தாலும் தகுதி கிடைக்கலாம், ஏனென்றால் மாவு முறுக்காகும்போது சுங்கக் குறியீடே மாறிவிடுகிறது. அந்தக் குறியீட்டைச் சுங்கத் துறையிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே மற்ற வேலை. தவறான குறியீட்டில் அனுப்பினால் சலுகை நிராகரிக்கப்படும், வாங்குபவர் அபராதமும் கட்ட நேரிடும். ஒவ்வொரு பொருளும் எங்கே வாங்கியது, ஒரு கிலோ முறுக்கில் அதன் செலவு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி ரசீதோடு வையுங்கள்.

இதையெல்லாம்விட முறுக்குப் பெட்டியைத் தடுத்து நிறுத்திவிடக்கூடியது எள். பிரிட்டன் கட்டாயமாக அறிவிக்கச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் எள்ளும் நிலக்கடலையும் உண்டு. சேர்மானப் பட்டியலில் அவற்றைத் தடித்த எழுத்தில் அச்சிடவேண்டும். எள்ளில்லாத முறுக்கையும் எள் போட்டதையும் ஒரே எண்ணெயில் பொரித்தால், அதையும் பொட்டலத்தில் எழுதுங்கள்.